தூர நின்றவனின் ஜெபம்

நம் சங்கத்தில் சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே குடும்பம்போல் பழகி வருகின்றோம். ஆதலின் இப்பகுதியில் ஒரு சமயத்தாரை மட்டும் விளித்து எழுதுவது வழக்கமன்று. ஆயினும் தபசு காலத்தை முன்னிட்டு, இம்மாதம் கிறிஸ்தவக் குடும்பத்தாரோடு சற்று மனம் திறந்து பேச விழைகின்றேன். ஏனைய அன்பர்களும் உடனிருந்து கேட்கலாம். தன் குற்றத்தைத் தான் உணர்தல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அறமன்றோ?

துன்பம் வரும்போது ஜெபம் பெருகும். புயல், வெள்ளம், கொள்ளை நோய், வேலையிழப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாய் வரும் காலத்தில் ஆலயங்கள் நிறைகின்றன. உபவாசக் கூட்டங்கள் நடக்கின்றன. நன்றே. ஆனால், எத்தகைய ஜெபம் என்னும் கேள்வி ஒன்று உண்டு. தேவாலயத்திற்கு ஜெபிக்கச் சென்ற இருவரைப் பற்றி இயேசுநாதர் கூறிய உவமையை நாம் அறிவோம். பரிசேயன் தன் நற்செயல்களை வரிசையாய் எடுத்துரைத்து, தான் பிறரைப்போல் இல்லாமைக்காக நன்றி செலுத்தினான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று, வானத்தை ஏறிட்டுப் பார்க்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டினான். நீதிமானாய் வீடு திரும்பியவன் பின்னவனே. இக்கதையைச் சிறுவயது முதல் கேட்ட எனக்கு, நான் எவன் பக்கத்தில் நிற்கின்றேன் என்பதைக் காட்டியது ஒக்கிப் புயலே.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கைக்கு அருகே தோன்றிய காற்றழுத்தம், மிகக் குறுகிய காலத்தில் வலுப்பெற்று, 30ஆம் தேதி கன்னியாகுமரிக் கடலைக் கடந்து அரபிக்கடலுக்குள் சென்றது. அதன் பெயருக்கு வங்க மொழியில் கண் என்று பொருள். அன்று நம் கரையோர மீனவர் பலர் கடலில் இருந்தனர். நம் நகரின் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரை, வீட்டுக்கு வீடு கண்கள் கடலையே நோக்கியிருந்தன. இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிட்டாமையால், அடக்கம் செய்து அழுது ஓயும் ஆறுதலும் அவர்தம் இல்லத்தார்க்கு வாய்க்கவில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இக்கரையின் நடுவே எல்லைக்கோடு ஒன்று விழுந்தது. ஆயினும் தமிழ் பேசும் தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தோடேயே நிற்கின்றன. 1544இல் சவேரியார் கால்நடையாய்ச் சென்று திருமுழுக்கு அளித்த கரை இது. ஆகையால் துக்கமும் எல்லை பாராமல் ஒரே துக்கமாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் தேதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடற்கரையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள எங்கள் ஆலயத்தில், வீட்டுக் கூரையில் ஓர் ஓடும் அசையாமல் காத்தமைக்காக நான் உள்ளம் உருகி ஸ்தோத்திரம் செலுத்தினேன். அந்த ஜெபத்தில் பிழை இருப்பதாக அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருவுக்கு நாள்தோறும் கூடை சுமந்து வரும் மீன்கார அம்மாள் ஒருவர் உண்டு. புயலுக்குப் பின் மூன்று வாரம் அவர் வரவில்லை. மீண்டும் வந்த அன்று, திண்ணையிலிருந்த நான் அவரிடம் கேட்டது, “இன்று என்ன மீன்? விலை என்ன?” என்பதுதான். உள்ளிருந்து வந்த என் மனைவியோ, “இத்தனை நாளாய்க் காணோமே, வீட்டில் எல்லாரும் சுகந்தானே அம்மா?” என்று கேட்டாள். அவர் கூடையை இறக்கி வைத்தார். “தங்கச்சி மகன் கடலுக்குப் போனான் மக்ளே. இன்னும் வரல்ல” என்றார். இருவரும் அழுதனர். நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டேன். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் என் நா எழவில்லை. கூரைக்காக நன்றி கூறிய நான், கூடைக்காரியின் வீட்டை நினைத்தேனா? பிறரைப்போல் துன்புறாமைக்காக நன்றி சொல்வது, பிறரைப்போல் இல்லாமைக்காக நன்றி சொன்னவனின் ஜெபத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றது!

துன்பக்காலத்தில் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசுவோர் எளிதில் விழும் குழி ஒன்றுண்டு. அழிவு எங்கு வந்ததோ அங்கேதான் பாவம் மிகுந்தது என்று தீர்ப்புரைப்பதே அக்குழி. இயேசுநாதரிடமும் இவ்வழக்கு வந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதை அவரே எடுத்துக்காட்டி, எருசலேமின் ஏனைய குடிகளைவிட அவர்கள் கொடியவர் அல்லர் என்று தெளிவுறக் கூறினார். அதோடு அமையாமல், கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்புமாறு அழைத்தார். மாண்டவர் மேல் சுட்டிய விரலை, உயிரோடிருப்பவர் தம் மார்பின்மேல் திருப்ப வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆகவே, ஒக்கியில் மாண்டோர் செய்த பிழை யாது என்று ஆராய்வது நம் வேலையன்று. கரையில் நின்ற நாம் செய்த பிழை யாது என்பதே கேள்வி.

பின் நிகழ்ந்ததையும் நினைவுகூர வேண்டும். ஒக்கிக்குப்பின் ஒன்பதாம் மாதம், 2018 ஆகஸ்டில், கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் பத்தனந்திட்டைக்கும் விரைந்தவர் யார்? முந்திய ஆண்டு தம் உறவினரை இழந்து, உதவி தாமதித்ததென்று கண்ணீர் விட்ட அதே கடற்கரை மக்கள். மாநிலம் முழுதுமாக ஏறத்தாழ 4,500 மீனவர்கள், 650க்கு மேற்பட்ட படகுகளோடு இப்பணியில் ஈடுபட்டுப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தனர். கேரளத்தின் படை இவர்களே என்று முதலமைச்சர் புகழ்ந்தார். ‘எங்கள் துன்பத்தில் நீங்கள் எங்கிருந்தீர்கள்?’ என்று வாசற்படியில் நின்று அவர்கள் வழக்குரைக்கவில்லை. படகில் ஏற்றிக் கரை சேர்த்தனர்.

2020 ஜூலையில் கொரோனா நோய் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் மிகப் பரவியது. சமூகப் பரவல் என்று அரசு அறிவித்தது. பூந்துறையில் கமாண்டோ காவலரும் நிறுத்தப்பட்டனர். நோயைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டியதே. ஆனால் அந்நாட்களில் நம் நாவில் புரண்ட சொற்களை நாம் மறக்கலாகாது. ஈராண்டுக்கு முன் படையென்று போற்றிய மக்களைப் பிணியின் மறுபெயராய்ப் பேசினோம். எங்கள் தெருவிலும், கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் கடற்கரையிலிருந்து யாரும் கூடையோடு வரலாகாது என்று பேசி முடிவு செய்யப்பட்டது. அப்பேச்சில் நானும் இருந்தேன். மறுத்து ஒரு சொல் கூறவில்லை.

இதை இங்கே எழுதுவது என்னை நானே நொந்துகொள்வதற்காக மட்டுமன்று. மனந்திரும்புதல் என்னும் சொல்லைப் பலகாலம் நான் கண்ணீரென்றே எண்ணியிருந்தேன். எபிரேய மொழியில் அச்சொல்லின் பொருள், சென்ற வழியை விட்டுத் திரும்பி வருதல். கிரேக்கத்தில் அது மனத்தின் மாற்றம். தமிழில் இரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. நினிவே அரசன் சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான் என்று யோனாவின் ஆகமம் கூறும். அதனோடு, கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்புமாறு குடிகளுக்கும் கட்டளையிட்டான். தெய்வம் நோக்கியது அவர்களுடைய இரட்டுடையை அன்று, அவர்களுடைய செய்கையையே. சகேயுவும் அழுததாகச் சுவிசேஷம் கூறவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவுமே உறுதி கூறினான். பட்டினி கிடந்து தலை குனிவதைவிட, பசித்தவனுக்கு உணவைப் பகிர்ந்தளிப்பதே உகந்த உபவாசம் என்று ஏசாயா தீர்க்கன் முழங்கியதும் இதுவே.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். வந்தேறிய ஊரில் நம் பிள்ளைகளின் படிப்பு, நம் வேலை, நம் வீடு என்று வேலி கட்டிக்கொள்வது இயல்பு. சிறுபான்மையாய் வாழ்வதன் அச்சம் நம்மை உள்நோக்கி ஒடுக்கிவிடுகின்றது. நமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பெல்லாம் நினைவிருக்க, நாம் பிறர்க்கு இழைத்தது மறந்துபோகின்றது. வீட்டு வேலை செய்வோரின் கூலியைத் தாமதித்தது, வாடகை வீடு கேட்டு வந்தவரின் சாதியை வினவியது, மீன்கூடை கண்டு மூக்கைப் பொத்தியது ஆகியவை சிறு குற்றங்கள் என்று நாம் எண்ணலாம். பெற்றவர் செய்வதைப் பார்த்தே பிள்ளைகள் இவற்றைக் கற்கின்றனர் என்பதை மறக்க வேண்டா.

ஆகையால் இத்தபசு நாட்களில் மாலைக் குடும்ப ஜெபத்தின்போது, தந்தையானவர் தம் குற்றம் ஒன்றைப் பிள்ளைகள் முன் பெயர்சொல்லி அறிக்கையிடட்டும். ‘ஏதேனும் பிழை செய்திருந்தால்’ என்று மூடி மறைக்காமல், ‘இன்னாரிடம் இவ்விதம் நடந்தேன்’ என்றே கூறட்டும். மறுநாள் அவரிடம் சென்று அதைச் சீர்செய்யட்டும். இதனால் தந்தையின் மதிப்புக் குறையும் என்று அஞ்ச வேண்டா.

அம்மீன்கார அம்மாள் இன்றும் எங்கள் தெருவுக்கு வருகின்றார். தெருவார் முடிவைப் பற்றி நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்திருந்து, “கடலம்மா தந்ததை விக்கத்தானே வாறேன், ஸாரே” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்பது என் கடமை. அதைக் கொடுப்பதும் கொடாமையும் அவருரிமை என்று அன்று கற்றேன். இப்பொழுது விலை கேட்குமுன் வீட்டாரின் நலத்தைக் கேட்கின்றேன்.

தூர நின்றவனின் ஜெபம் தெய்வத்துக்கு அண்மையில் நின்றது. அண்டை அயலாரிடமிருந்து தூர நிற்கும் நம் ஜெபமோ எங்கே நிற்கும்? மார்பில் அடித்துக்கொள்ளும் தாழ்மையையும், அடித்த கையாலேயே அயலாரின் சுமையை இறக்கி வைக்கும் அன்பையும் ஆண்டவர் நம் அனைவர்க்கும் அருள்வாராக.