கல்மரமும் கழற்றிய எஞ்சினும்

அரியலூர் நண்பர் ஒருவரிடம் 1966ஆம் ஆண்டு அம்பாசடர் ஒன்று உள்ளது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றப்போகிறாராம். ஏனென்று வினவினோம். "பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தில் மரம் எங்கே இருக்கிறது? முழுதும் கல். ஆயினும் மரமென்றுதானே சொல்கிறீர்கள்? பாகம் மாறினால் வண்டி மாறிவிடாது" என்றார். உடனிருந்தோர் ஆமோதித்தனர். நம்மால் இயலவில்லை.

சாத்தனூர் அடிமரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்படிவில் புதையுண்டு, சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரப்பொருள் இருந்த இடத்தில் கனிமம் அமர்ந்தது. அமர்ந்த கனிமம் மரத்தின் வடிவைக் கலைக்கவில்லை. அதனாலேயே அது சான்றாகிறது. டீசல் எஞ்சின் எதன் வடிவைக் காக்கிறது? அது ஏறியபின் வண்டியின் ஒலிகூடப் பழையதன்று. உவமை நண்பருக்கே எதிராகத் திரும்புகிறது.

எதையும் மாற்றலாகாது என்பது நம் கட்சியன்று. சுண்ணாம்புக்கல் லாரிகள் விரையும் அரியலூர்ச் சாலையில், 60 ஆண்டுப் பழைய பிரேக் குழாயை நம்புவது மரபுப்பற்று ஆகாது, மடமை. டயர், ரப்பர், மின்கம்பி ஆகியன தேயவே பிறந்தவை. தயங்காமல் மாற்றுக.

எஞ்சினின் கதை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த திருத்தம், 50 ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்படும் வண்டியையே 'வின்டேஜ்' என ஏற்கிறது. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருந்தால் அத்தகுதி இல்லை. அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட இயலாது என்பது நண்பரின் மறுப்பு. உண்மைதான். அவர் நாளும் பெரம்பலூர் சென்று திரும்ப வேண்டியவர். உரிய அனுமதி பெற்று டீசலே ஏற்றட்டும். பழையதை எடைக்குப் போடுவானேன்?

இளமையில் அரியலூரில் தமிழ் பயின்ற உ.வே.சாமிநாதையர், பிற்காலத்தில் பதிப்பாசிரியராகி ஒரு பாடத்தைத் தேர்ந்தபோது மற்றதை அழித்துவிடவில்லை. பாடவேறுபாடாகக் குறித்து வைத்தார். தம் தேர்வு பிழையாயின் பின்வருவோர் திருத்திக்கொள்ள வழிவிட்டார். வண்டியைத் திருத்துவோர்க்கும் அந்த அடக்கம் வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் நின்றுபோயிற்று. உருக்கிய எஞ்சினை இனி எவரும் வார்த்துத் தரப்போவதில்லை.

ஆகவே நண்பரே, கழற்றுங்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, வண்டி எண்ணையும் கழற்றிய நாளையும் எழுதிக் கட்டிக் கொட்டகை மூலையில் வையுங்கள். மாற்றுவது உங்கள் உரிமை. மீண்டும் பொருத்தும் வாய்ப்பு, அடுத்து அதை ஓட்டப்போகிறவரின் உரிமை. அதை எடைக்குப் போட உங்களுக்கு அதிகாரமில்லை.