காலின் வலிமையை எதைக் கொண்டு அளப்பது?



கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரப் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களை இன்று நாம் காண்கிறோம். அவர்களுள் பலருக்கு ஸஜ்தாவுக்குச் செல்வது எளிது, எழுவதுதான் பெரும்பாடு. இல்லங்களிலோ பாயைவிட்டு எழ நம் தாய்மார்கள் சுவரையும் கட்டிற்காலையும் பற்றுகின்றனர். “வயதாகிவிட்டது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் பலரிடம் குறைந்திருப்பது தொடைத் தசையின் வலிமையே. அதைப் பயிற்சியால் மீட்க முடியும்; மீண்டதா என்பதை அளந்தும் அறிய முடியும்.

எப்படி அளப்பது? சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் இதுபற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. இத்தகைய ஆய்வில் மாணவர்களை இரு குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழு பல வாரங்கள் எடைப் பயிற்சி செய்யும், மற்றது செய்யாது. முன்னும் பின்னும் இரு குழுவினரின் கால் வலிமையும் அளக்கப்படும். அதற்கு டைனமோமீட்டர் என்னும் விசைமானி உண்டு. அதன் மேடைமீது முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்து, சங்கிலியில் கோத்த கைப்பிடியைப் பற்றிக் கால்களை நிமிர்த்தினால், இழுத்த விசையை முள் கிலோகிராமில் காட்டும்.

பயிற்சி செய்யாதவரை ஏன் அளக்க வேண்டும் என நீங்கள் வினவலாம். ஒரு சோதனையை இரண்டாம் முறை செய்பவர், அது பழகிவிட்டதாலேயே சற்று மிகுதியாக இழுத்துவிடக்கூடும். அந்த மிகுதியைக் கழித்தால்தான் பயிற்சியின் உண்மைப் பயன் தெரியும். மேலும், முதற்சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு தசை பருப்பதால் வருவதன்று. நரம்புகள் தசையைத் திறம்பட ஏவக் கற்பதால் வருவது. ஆகவே தொடையை நாடாவால் அளந்து, “பயன் ஒன்றுமில்லை” என்று பயிற்சியைக் கைவிடலாகாது.

இளைஞருக்குச் சரி, முதியோருக்குப் பயன்படுமா? 1994-இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். பங்கேற்ற 100 பேரின் சராசரி வயது 87. 10 வாரப் பயிற்சிக்குப் பின், பயின்றோரின் தசை வலிமை சராசரியாக 113 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் நடைவேகம் சுமார் 12 விழுக்காடும், படியேறும் ஆற்றல் சுமார் 28 விழுக்காடுமே உயர்ந்தன. தொடைத் தசையின் பரப்போ 3 விழுக்காடுகூடக் கூடவில்லை! கால்கள் ஒன்றே, அளவுகோல் மாற, விடையும் மாறுகிறது. எந்தச் செயலுக்காக வலிமையை நாடுகிறோமோ, அச்செயலையே அளவுகோலாகக் கொள்வதுதான் அறிவுடைமை.

அதற்கு இயந்திரம் தேவையில்லை. சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின்மீது குறுக்காக வைத்து, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என எண்ணுங்கள். கையூன்றி எழுவது கணக்கில் சேராது. 65 முதல் 69 வயதினரில் ஆண்களுக்கு 12-க்கும், பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழ் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்துள்ளது. சோதனையின்போது ஒருவர் அருகில் நிற்றல் நலம்.

பயிற்சியும் அதுவே: வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையே ஓய்வு நாள் விட்டு, நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல அமர்தல். எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையோ கையிலேந்தும் சுமையையோ சிறிது கூட்டுதல். தடை கூடாவிடில் வலிமையும் வளராது நின்றுவிடும். மூச்சை அடக்கக் கூடாது. இதய நோயும் கடும் மூட்டுவலியும் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

உங்கள் இல்லத்துப் பெரியவரின் எண்ணிக்கையை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதே நாற்காலியில், அதே வேளையில் மீண்டும் எண்ணுங்கள். எண் ஏழிலிருந்து ஒன்பதானால், அது சிறு வெற்றியன்று. பிறர் கையை எதிர்பாராமல் எழுவதற்கு, இன்ஷா அல்லாஹ், அவர் அத்தனை அண்மையில் வந்துவிட்டார் என்பதே அதன் பொருள்.