மறையூர்க் குளிரும் கம்ப்யூட்டர் சூடும்

மறையூர், காந்தலூர்ப் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை இது: மலைக்காற்று இருக்கையில் நல்ல கூலர் வீண்செலவு, இந்தக் குளிரிலும் சூடேறினால் பிராசஸரே மோசம், கடையில் கொடுத்து மாற்றிவிடு. இரண்டுமே தவறு. இரண்டாவது, பணத்தையும் தின்னும்.

முதலில் குளிர். மறையூர் மூணாறு அல்ல. ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் கிடக்கிற ஊர். கரும்பும் சந்தனமும் விளையும் மண். சித்திரை மதியத்தில் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் குளிரைத் தேடத்தான் வேண்டும். சரி, மார்கழியையே எடுத்துக்கொள்வோம். அறையின் வெப்பம், அதற்கு மேல் கூலர் வெளியேற்ற முடியாமல் தேங்குகிற வெப்பம் – இரண்டும் கூடியதுதான் பிராசஸர் காட்டும் எண். உடுமலையைவிட அறை 10 டிகிரி குளிர்ந்திருந்தால் பிராசஸரும் சுமார் 10 டிகிரி குறைத்துக் காட்டும். கூலர் சரியாக உட்காராமல் 75 டிகிரி தேங்கும்போது அந்தப் பத்து எந்த மூலைக்கு? போதாததற்கு, இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்து சதவீதம்வரை குறைவு. அதே வேகத்தில் சுழலும் ஃபேன் கொச்சியில் தள்ளுகிற அளவு காற்றை இங்கே தள்ளாது. இழப்பு சில டிகிரிதான். ஆனால் மலையை வரவில் எழுதுகிறவர்கள் இதைச் செலவிலும் எழுத வேண்டும்.

இனி, ‘பிராசஸர் மோசம்’. சூடு எப்படி ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை தெரிந்துவிடும். கனமான வேலை கொடுத்த சில நொடிகளில் 40-லிருந்து 95-க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கினால், கூலரும் பிராசஸரும் சரியாக ஒட்டவில்லை. உள்ளே 95 காட்டும்போதும் கூலரின் உலோகத் தகடுகள் சில்லென்றே இருக்கும். ஃபேனில் விரல் படாமல் தொட்டுப் பாருங்கள். கால்மணி, அரைமணி என்று மெல்ல ஏறினால் குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில். பக்கக் கதவைக் கழற்றி வைத்து அதே வேலையை ஓட்டுங்கள். வெப்பம் சட்டென்று பத்து டிகிரி இறங்கினால் உறுதி. அதற்காகக் கதவை நிரந்தரமாகக் கழற்றிவைப்பது வேறொரு வினை. கரும்புச் சக்கை எரித்து வெல்லம் காய்ச்சுகிற ஊரில் புகைக்கரியும் தூசியும் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேற அதிக நாள் ஆகாது.

ஒட்டாமல் போகக் காரணங்கள் சாதாரணமானவை. கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறப்பது ஒன்று. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நிறையவே நடக்கிறது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு கால்களில் ஒன்று முழுதாக இறங்காமல் நிற்பது இன்னொன்று. எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, போர்டின் பின்பக்கம் திருப்பி நான்கும் வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கோவையில் அசெம்பிள் செய்து, சின்னாறு வழியாக ஜீப்பிலோ பஸ்ஸிலோ கொண்டுவந்த பெட்டி என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். நிறுத்திவைத்த பெட்டிக்குள் கனமான கூலர் போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மலைப்பாதை அதை விட்டுவைக்காது. கேபினெட்டைப் போர்டு கீழே இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுவருவது நல்லது.

பேஸ்ட்டை நிறையப் பூசினால் குளிரும் என்பதும் பழைய பேச்சு. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400, நல்ல பேஸ்ட்டுக்கே 10-ஐ ஒட்டித்தான், காற்றுக்கு 0.03-கூட இல்லை. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களிலிருந்து காற்றை விரட்டுவது மட்டுமே பேஸ்ட்டின் வேலை. பட்டாணி அளவு போதும். ஃபேன்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். முன்னால் ஒன்று உள்ளே இழுத்து, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால், திசை தெரியாமல் மாட்டிய ஆறைவிட மேல்.

95 என்ற எண்ணைப் பார்த்து வரும் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2001-இல் ‘டாம்ஸ் ஹார்ட்வேர்’ தளம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் கூலரைக் கழற்றிக் காட்டியது. ஏஎம்டி அத்லான் புகைந்து கருகியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்று எல்லாப் பிராசஸரும் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடும். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள், கனமான வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைக் காட்டி மாற்றித் தரச் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? ஐ5-12400-இன் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். டர்போவில் அது 117 வரை இழுக்கும். அதையும் பயாஸில் மின்வரம்பு எவ்வளவு என்பதையும் பார்க்காமல் சூட்டைக் குறைசொல்வதில் பொருளில்லை.

பிராசஸரே குற்றவாளியான சமயமும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் கேட்டு உள்ளுக்குள் தேய்ந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. ஆனால் அங்கே வெளிப்பட்ட முக்கிய அறிகுறி சூடு அல்ல, கேமும் புரோகிராமும் பாதியில் செயலிழந்து நின்றது. அந்தத் தலைமுறை என்றால், மாற்றக் கிளம்புவதற்கு முன் போர்டின் பயாஸ் எந்தத் தேதியது என்று பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.