துண்டுச் சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ‘தெய்வ சக்தி’

வட இந்திய மாநிலங்களில் ‘தர்பார்’ நடத்தும் சாமியார்களின் பந்தல்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப அரங்கேறுகிறது. ஆயிரக்கணக்கானோர் கூடிய இடத்தில் ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுகிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவரது துயரம் ஒரு தாளில் எழுதப்பட்டுவிட்டதாகக் காட்டப்படுகிறது. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, தொலைக்காட்சிகள் நேரலை செய்கின்றன, அரசியல் சட்டத்தின் பெயரால் பதவியேற்றவர்கள் முன்வரிசையில் கைகூப்பி அமர்ந்திருக்கிறார்கள்.

இந்த ‘அற்புதத்துக்கு’ வேண்டிய மூலதனம் சில காகிதத் துண்டுகள், ஒரு பேனா, ஒரு கிண்ணம். ஐந்து பேரிடம் சீட்டு எழுதி வாங்கப்படுகிறது. அவர்களில் ஒருவர் கையாள். அவரது சீட்டு மட்டும் முனை மடிக்கப்பட்டு, கடைசியில் எடுப்பதற்காக ஒதுக்கப்படுகிறது. முதல் சீட்டைப் பிரிக்காமல் நெற்றியில் வைத்து, கையாளோடு முன்பே பேசிவைத்த குறையைச் சாமியார் சொல்கிறார். கையாள் எழுந்து கண்ணீர் விடுகிறார். ‘சரிபார்ப்பதாக’ அந்தச் சீட்டைப் பிரிக்கும்போது, அதில் உள்ள வேறொருவரின் குறையைச் சாமியார் மனதில் வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது சீட்டை நெற்றியில் வைத்து அதைச் சொல்கிறார். இப்படியே ஒரு சீட்டு முன்னதாகவே படித்துச் சென்றால், ஐந்தும் பொருந்திவிடும். பத்து வயதுச் சிறுமி ஒரு மாலையில் பழகிவிடக்கூடிய வித்தை இது.

கட்டைவிரல் நகத்தடியில் பென்சில் முனையைப் பொருத்தி, பதிலைக் கேட்ட பிறகு எழுதிவிட்டு, முன்பே எழுதியதாகக் காட்டுவது இன்னொரு வழி. அந்தச் சிறு கருவிக்கு மேலைநாட்டு மேடைக் கலைஞர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சுவாமி’!

மேடைக் கலைஞர் இதைக் கலை என்று சொல்லிக் காட்டுகிறார். பார்ப்பவர் மகிழ்ந்து வீடு திரும்புகிறார். அதே வித்தையைத் தெய்வ சக்தி என்று சொல்லும்போது, நோயாளி மருந்தை நிறுத்துகிறார். விவசாயி கடன் வாங்கிக் காணிக்கை செலுத்துகிறார். வித்தை குற்றமல்ல, அதை வைத்து ஏழையின் துயரத்தை விலைபேசுவதே குற்றம்.

இந்த வேறுபாட்டை மக்களிடம் எடுத்துச் சென்றவர்கள் உயிரால் விலை கொடுத்தனர். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கத்தைக் கட்டிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டுகள் போராடிய சட்டம் அவரது உயிரிழப்புக்குப் பிறகே அந்த ஆண்டு நிறைவேறியது. 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே குண்டுகளுக்கு இலக்கானார். 2017இல் கர்நாடகமும் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் இன்றுவரை இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. அந்தக் கடமை ஆட்சியாளர்களுக்கு மட்டும் இல்லையா?

இதில் இடதுசாரி அணிகளுக்குள்ளும் இரண்டு தவறான போக்குகள் உண்டு. பொருளாதாரப் போராட்டம் வளர்ந்தால் மூடநம்பிக்கை தானாக உதிர்ந்துவிடும் என்று காத்திருப்பது ஒன்று. பந்தலுக்குச் செல்லும் மக்களை முட்டாள்கள் என்று எள்ளி நகையாடுவது மற்றொன்று. மருத்துவர் இல்லாத ஊரில், வேலை கிடைக்காத வீட்டில், மகளின் திருமணக் கடனில் மூழ்கிய குடும்பத்தில் கேட்பதற்கு ஒரு காது தேவைப்படுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் சாமியார் நாற்காலி போட்டு அமர்கிறார். எள்ளல் அந்த மக்களை அவரிடமே திருப்பியனுப்பும். மௌனம் அவரது நாற்காலியை உயர்த்தும்.

1987இல் நாடெங்கும் சென்ற மக்கள் அறிவியல் ஜாதா, அறிவியலை வீதிக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டியது. ஊர் ஊராகச் சென்று சாமியார்களின் ‘அற்புதங்களை’ மேடையில் செய்துகாட்டி விளக்கிய பிரேமானந்தின் வழியும் அதுவே. இன்று ஒவ்வொரு கிளையும் இந்தச் சீட்டு வித்தையைக் கற்க வேண்டும். தெருமுனையில் செய்துகாட்டி, இரகசியத்தை அவிழ்த்து, கூடியிருப்பவர்களின் கையிலேயே சீட்டைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். தன் கையால் ஒருமுறை செய்தவர் மறுமுறை ஏமாறுவது கடினம்.

அத்துடன் நிறுத்திவிடலாகாது. அந்தச் சீட்டுகளில் மக்கள் எழுதிய குறைகள் உண்மையானவை. அவற்றைத் திரட்டி, மருத்துவமனைக்கும் வேலைக்கும் கடன் நிவாரணத்துக்குமான கோரிக்கை மனுவாக்கி, மக்களைத் திரட்டி அரசு அலுவலகத்தின் வாசலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாமியார் கிண்ணத்தில் போட்டு மூடிய குறைகள் அங்கேதான் பிரித்துப் படிக்கப்பட வேண்டும்.