சமையலுக்கு ஒரு பட்டமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாட்களில்தான் தென்காசி வீடுகளில் காலேஜ் பேச்சும் தொடங்குகிறது. "ஹோம் சயன்ஸ் படிக்கப் போறேன்" என்று பெண் வாய் திறந்தால் போதும், "சோறு பொங்குறதுக்கு எதுக்குட்டி காலேஜ்? உங்க அம்மை சொல்லித் தர மாட்டாளா?" என்று அத்தைமார் சிரிப்பார்கள். சகோதரிகளே, அந்தச் சிரிப்பிலேயே ஒரு பெண்ணின் படிப்பு நின்று போவதுண்டு. ஆகையால் விஷயத்தைச் சற்று விசாரிப்போம்.

இந்தப் படிப்புக்கு வித்திட்டவர் ஒரு ரசாயன நிபுணர். அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் மாணவியான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், 1887-ல் தொடங்கிய ஆய்வில் அந்த மாகாணத்தின் நீர்நிலைகளைச் சோதித்தவர். 1899-ல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் அவர் முன்னின்று கூட்டிய மகாநாட்டிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. அங்கே இப்போது இதற்குக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று பெயர்.

நம் கோவையில் 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தோன்றியது. ஒஹையோவில் டாக்டர் பட்டம் பெற்று வந்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அதை வளர்த்தார். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகம் 1980-ல் தொடங்கிய மனையியல் கல்லூரி, இன்று சமுதாய அறிவியல் கல்லூரியாக இருக்கிறது.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? கீரையின் இரும்புச் சத்து உடம்பில் எளிதில் சேராது. புளியங்குடி எலுமிச்சை அரை மூடி பிழிந்துகொண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைந்துபோகும். நாள் முழுதும் பீடி சுற்றிக் களைத்து, டீயிலேயே பொழுதை ஓட்டும் நம் பக்கத்துப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி! அம்மை தருவது கைப்பக்குவம். காலேஜ் தருவது அதன் காரணம்.

சமையலோடு பாடம் முடிவதில்லை. குழந்தை வளர்ச்சி, துணி, குடும்ப வரவு செலவு எல்லாம் உண்டு. ஸீஸன் கடையில் சிப்ஸ் பொட்டலம் வாங்கும்போது எடை, தயாரித்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றைப் பார்க்கிறோமா? நுகர்வோருக்குச் சட்டம் 1986-லேயே வந்தது. 2019-ல் புதிய சட்டமும் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது வேண்டாமா?

வேலைக்கும் வழியுண்டு: குழந்தை நலத் திட்டங்கள், உணவுத் தொழில், ஆசிரியப் பணி. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக விரும்பினால் மேற்படிப்பும் தேவைப்படும். பிளஸ் டூவில் எந்தப் பாடங்கள் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; மனுப் போடுமுன் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள். ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்த்தபின் அவரே சிபாரிசு செய்தாலும் செய்வார்!