திலாவா கப்பல்

யுத்த காலத்தில் முழுகிய பிரயாணிக் கப்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தால், லூஸிடேனியாவின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. 'திலாவா' என்றால் பெரியவர்களே விழிக்கிறார்கள். இத்தனைக்கும் அது பம்பாயிலிருந்து நம் ஜனங்கள் ஏறிச் சென்ற கப்பல்.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமான திலாவா 1942-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி பம்பாயை விட்டுக் கிளம்பியது. மொம்பாஸா, டர்பன் முதலிய ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் பிரயாணம். கப்பலில் இருந்தவர்கள் 958 பேர். ஆப்பிரிக்காவில் கடை கண்ணி வைத்துப் பிழைத்தவர்களும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும் அவர்களில் அநேகர். 23-ந் தேதி பின்னிரவில், எல்லோரும் அயர்ந்து தூங்கும் வேளையில், ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்ப்பிடோவை ஏவியது. படகுகளை நோக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். கப்பல் உடனே முழுகவில்லை. அதைக் கண்டு தைரியங் கொண்டு சிலர் மறுபடி ஏறிய சமயத்தில் இரண்டாவது டார்ப்பிடோ வந்து தாக்கியது. 280 பேர் மாண்டார்கள். மற்றவர்கள் படகிலும் தெப்பத்திலும் இரண்டு நாள் கிடந்த பிறகு, 'பர்மிங்ஹாம்' என்னும் பிரிட்டிஷ் யுத்தக் கப்பல் அவர்களில் பெரும்பாலோரை மீட்டு 27-ந் தேதி பம்பாயில் கொண்டு சேர்த்தது.

அந்த நீர்மூழ்கியின் பெயர் 'ஐ-29'. நேயர்களில் சிலர் இந்தப் பெயரை வேறோர் இடத்தில் கேட்டிருக்கலாம். 1943 ஏப்ரல் 28-ந் தேதி, மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில், ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் இறங்கி, நேதாஜியும் அவருடைய துணைவர் அபித் ஹஸனும் ஏறிக்கொண்டது இதே ஐ-29-ல்தான்! அது அவரை ஸபாங்கில் கொண்டுபோய் விட்டது. ஜூலையில் அவர் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றதையும், மலேயாத் தோட்டத் தமிழர்கள் அவர் பின்னே திரண்டதையும் நாம் எத்தனையோ முறை பெருமையுடன் சொல்லியிருக்கிறோம். இனியும் சொல்வோம்.

ஆனால் இந்தக் கதையை எழுதுகிறவர்கள், ஐந்து மாதத்திற்கு முன் நடந்த சங்கதியை விழுங்கிவிடுவது நமக்குச் சம்மதமில்லை. திலாவாவில் பீரங்கியும் அதை இயக்கச் சிலரும் இருந்தது உண்மை. அதைக் கொண்டு மடியிலிருந்த குழந்தையின் கணக்கை நேராக்கிவிட முடியுமா? இதில் நேதாஜியின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. தமக்கு வந்த கப்பலில் ஏறினார், அவ்வளவுதான். பிரிட்டிஷ்காரனுடைய எதிரியெல்லாம் நம் உயிருக்கு உறவாளி என்று எண்ணுவதுதான் பிசகு.

கப்பலில் வெள்ளியும் இருந்தது. தென்னாப்பிரிக்க சர்க்கார் பெரும்பாலும் நாணயம் அடிப்பதற்கென்று வாங்கிய 2,364 கட்டிகள். சுமார் 60 டன்! இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடந்த அதை 2017-ல் ஒரு கம்பெனி மேலே கொண்டுவந்தது. பிறகு வழக்கு. லண்டன் உச்ச நீதிமன்றம் வரையில் போய், 2024 மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. வெள்ளிக் கட்டிகளை எண்ணி வைத்திருந்தார்கள். அதைக் கேட்க இரண்டு தரப்பும் இருந்தன.

மூலக்குளத்திலிருந்து மாலையில் புதுச்சேரிக் கடற்கரைக்கு உலாவப் போகும் நேயர்கள், முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்காக மாண்ட நம்மவர்களின் நினைவுச் சின்னத்தைக் கடந்துதான் போகிறார்கள். சிப்பாய்க்குக் கல் உண்டு. டிக்கட் வாங்கிப் பிரயாணம் செய்தவனுக்கோ, அடுப்படியில் வெந்த கப்பல் சிப்பந்திக்கோ யார் கல் நாட்டுவார்கள்?

2022 நவம்பர் 23-ந் தேதி, சரியாக எண்பது வருஷம் கழித்து, திலாவாவில் மாண்டவர்களுக்கு மும்பையில் நினைவுக் கூட்டம் நடந்தது. மாண்டவர்களின் பேரன் பேத்திகள் வந்திருந்தார்கள். மூன்று வயதில் தாயாருடன் தப்பிய குழந்தையொன்று, எண்பது கடந்த கிழவராக அங்கே உட்கார்ந்திருந்தது.