உதவியா, ஊதியமா? பாப்பாமோட்டையிலிருந்து டொலரில் உழைப்பதன் கணக்கு

"வீட்டிலிருந்தே டொலரில் உழைக்கலாம்" என்ற விளம்பரம் இன்று வன்னியில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் வருகிறது. மன்னார் – பூநகரி வீதியில் திருக்கேதீச்சரத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடையில் இருக்கும் பாப்பாமோட்டைக்கும் அது வந்துவிட்டது. மாந்தை மேற்கின் ஏனைய கிராமங்களைப் போலவே யுத்தத்தின் இறுதிக் காலத்தில் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, வெறும் காணிக்குத் திரும்பி வந்த சனத்தின் ஊர் இது. கடலுக்குப் போனால் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துவிடுகின்றன. வயல் மழையையும் குளத்தையும் நம்பியிருக்கிறது. இந்த நிலையில், உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த விளம்பரம் பெரிய நம்பிக்கையைத் தருவதில் வியப்பில்லை.

நானும் சில ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறேன். ஆங்கிலத்தில் 'வேர்ச்சுவல் அசிஸ்டன்ட்' என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு கடைக்காரருக்கோ சட்டத்தரணிக்கோ கணக்காளருக்கோ இங்கே வீட்டில் இருந்தபடி மின்னஞ்சல் பார்ப்பது, சந்திப்பு நேரங்களை ஒழுங்குபடுத்துவது, பற்றுச்சீட்டுகளைக் கணக்கில் ஏற்றுவது போன்ற அலுவலக வேலைகளைச் செய்து கொடுப்பதுதான் இது. இதில் வருமானம் இருக்கிறது. ஆனால் கூடுதல் மணித்தியாலம் உழைத்தால் வருமானம் கூடும் என்று விளம்பரங்கள் சொல்வது பிழை. எதை விற்கிறோம், யாருக்கு விற்கிறோம், பணம் எந்த வழியில் வருகிறது என்ற மூன்றும்தான் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஃபைவர் போன்ற தளமொன்றில் மணித்தியாலத்துக்கு 4 டொலர் படி, நாளுக்கு 4 மணித்தியாலம், மாதம் 22 நாள் வேலை செய்கிறார் என்று வைப்போம். 352 டொலர். ஃபைவர் தன் பங்காக 20 வீதத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 281.60 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று எடுத்தால் 84,480 ரூபாய். ஊரில் இது நல்ல சம்பளம். ஆனால் வேலை தேடுவதற்கும், விண்ணப்பிப்பதற்கும், பதில் எழுதுவதற்கும் நாளுக்கு இன்னும் 2 மணித்தியாலம் போகிறது. அதற்கு யாரும் பணம் தருவதில்லை. அதையும் சேர்த்து 132 மணித்தியாலத்தால் பிரித்தால், ஒரு மணித்தியாலத்துக்கு 640 ரூபாய்தான். அடுத்த மாதம் இதே வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை.

அந்தத் தளங்களில் பிலிப்பைன்ஸ், இந்தியா, பங்களாதேஷ், கென்யா என்று உலகம் முழுவதிலும் இருந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். குறைந்த விலைக்குச் செய்கிறேன் என்று சொன்னால், அதைவிடக் குறைத்துச் சொல்ல இன்னொருவர் இருப்பார். போதாக்குறைக்கு 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு வெறும் தட்டச்சு, பிரதி எடுத்தல், எளிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் விலை மேலும் விழுந்திருக்கிறது. இன்று பயிற்சி வகுப்புகளில் 'டேட்டா என்ட்ரி' மட்டும் கற்றுக்கொடுப்பது, மீன் அள்ளி முடிந்த கடலுக்குப் புதிய வள்ளம் இறக்குவது போன்றது.

அப்படியானால் எங்களிடம் மட்டும் இருப்பது என்ன? தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த கை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் எங்கள் சனம் நடத்தும் கடைகள், உணவகங்கள், கணக்காளர் அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய முதலாளிமார் தமிழில் குரல் பதிவு அனுப்புவார்கள். பற்றுச்சீட்டில் கையால் தமிழில் குறிப்பு எழுதியிருப்பார்கள். மணிலாவில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை வாசிக்க முடியாது.

இதற்கு ஓர் உடனடிக் காரணமும் இருக்கிறது. பிரித்தானியாவில் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த வியாபாரங்கள் எல்லாம் ஏற்கெனவே மென்பொருளில் கணக்கு வைத்து அதன் வழியாகவே வரி விபரத்தை அனுப்ப வேண்டும். 2026 ஏப்ரல் 6 முதல், ஆண்டுக்கு 50,000 பவுணுக்கு மேல் மொத்த வருமானம் பெறும் சுயதொழிலாளர்களும் வீட்டு உரிமையாளர்களும் வருமான வரிக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். 2027 இல் அந்த எல்லை 30,000 பவுணாகவும், 2028 இல் 20,000 பவுணாகவும் இறங்குகிறது. ஆண்டு முடிவில் ஒரு பை நிறையப் பற்றுச்சீட்டைக் கணக்காளரிடம் கொண்டுபோய்க் கொட்டிய காலம் அவர்களுக்கு முடிகிறது. மாதாமாதம் கணக்கு எழுத ஆள் வேண்டும். குவிக்புக்ஸ், சீரோ போன்ற கணக்கு மென்பொருள்களை இணையத்தில் படிக்கலாம். குவிக்புக்ஸ் தன் சான்றிதழ் பரீட்சையை இலவசமாகவே நடத்துகிறது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளைக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும்.

நேரமும் பொருந்துகிறது. இலண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30. சமையலும் முடிந்து, பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு வேலை தொடங்கலாம். ரொறன்ரோ என்றால் இரவு வேலைதான். அதற்குத் தனி விலை கேட்க வேண்டும்.

இப்போது மற்றக் கணக்கு. மூன்று கடைகளுக்கு மாதம் 120 டொலர் படி நிலையான கட்டணத்தில் கணக்கு எழுதினால் 360 டொலர், 108,000 ரூபாய். ஒரு கடைக்கு மாதம் 20 மணித்தியாலம் என்றாலும் மொத்தம் 60 மணித்தியாலம்தான். மணித்தியாலத்துக்கு 1,800 ரூபாய். முன்னைய கணக்கில் பாதிக்கும் குறைந்த நேரத்தில் கூடிய வருமானம். அந்தக் கடைக்காரருக்கும் இது அங்கே ஒருவரை வைத்துக் கொடுக்கும் சம்பளத்தில் சிறு பங்குதான்.

ஆனால் இந்த இடத்தில்தான் எங்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. புலம்பெயர்ந்த உறவுக்கும் ஊரில் இருப்பவருக்கும் இடையில் முப்பது நாற்பது வருடமாக ஓடியது உதவிப் பணம். தங்கச்சியின் கலியாணத்துக்கு, கூரைக்கு, செத்த வீட்டுக்கு என்று அவர்கள் அனுப்பினார்கள், நாங்கள் வாங்கினோம். அந்தப் பழக்கம் வேலைக்குள்ளும் வந்துவிடுகிறது. என்னிடம் வேலை வாங்கிய ஒருவர் நான்கு மாதம் சம்பளம் என்று எதுவும் தரவில்லை. தைப்பொங்கலுக்கு ஒரு தொகை அனுப்பி, "செலவுக்கு வைச்சுக்கொள் பிள்ளை" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் உதவி செய்வதாகவே நினைத்தார். கணக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் உதவிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. உதவி தருபவர் விரும்பிய நாளில் நிறுத்தலாம். ஊதியத்தை அப்படி நிறுத்த முடியாது. ஆகவே உறவென்றாலும் முதல் நாளே வேலை என்ன, கட்டணம் எவ்வளவு, எந்தத் திகதியில் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருமானத்தைக் கூட்டும் முதல் படி இதுதான் என்பது என் அனுபவம்.

பணம் வரும் வழியும் முக்கியம். பேபால் வழியாக இலங்கையில் இருந்து பணம் செலுத்தலாம். பெறுவதற்கோ பல ஆண்டுகளாக வழி இருக்கவில்லை. அதனால் பலர் உண்டியலில் வாங்குகிறார்கள். உண்டியல் காசுக்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. வைஸ், பயோனியர் போன்றவற்றின் மூலம் நேரே வங்கிக் கணக்குக்கு எடுப்பதே நல்லது. வரிப் பயமும் அளவுக்கு மேல் தேவையில்லை. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஏப்ரல் 1 உடன் நீங்கியது உண்மை. ஆனால் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், அதாவது மாதம் 150,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேலும், பணம் வங்கி மூலம் நாட்டுக்குள் வந்தால், உச்ச வீதம் 15 தான்.

இன்னுமோர் எச்சரிக்கை. மடிகணினி வாங்க நுண்கடன் எடுக்காதீர்கள். வடக்கின் பெண்கள் நுண்கடனால் பட்ட பாடு 2018 இல் இங்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணரின் அறிக்கை வரை போனது. அந்த ஆண்டே அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. முதல் வாடிக்கையாளர் கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தவணைக்காரர் வரும் நாளோ திங்கள், செவ்வாய் என்று நிச்சயமானது. அதேபோல, வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரையும், கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைப்பவரையும் நம்பாதீர்கள். அப்படிப் போன எங்கள் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் இருந்து மீட்கப்பட்டது அண்மைக் கதை.

தனியாளாக எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மன்னார் உட்பட நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நின்றன. இலண்டன் கடையின் வரித் திகதி எங்கள் வெள்ளத்துக்காகக் காத்திருக்காது. ஐந்து பேர் சேர்ந்திருந்தால் ஒருவரின் வேலையை வேறு ஊரில் இருக்கும் மற்றவர் முடித்துக் கொடுக்கலாம். ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குப் போனாலும் வாடிக்கையாளர் போகமாட்டார். வில்பத்துக் காட்டுக்கு அந்தப் பக்கம், யுத்த காலத்தில் எல்லைக் கிராமமாக இருந்த மகாவிலச்சியவில் 2000களிலேயே கிராமத்துப் பிள்ளைகள் கூட்டாக நிறுவனங்களுக்கு இந்த வகை வேலை செய்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு 2007 இல் தொடங்கிய தேசிக்ரூ, சிற்றூர்களில் நிலையம் அமைத்தே வேலை எடுத்தது. எங்களிடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமும் புதிய சொற்கள் அல்ல. சங்கக் கட்டடத்தில் ஓர் அறை, நல்ல இணைய இணைப்பு, மின்சாரம் நின்றால் நாலு மணித்தியாலம் தாங்கும் மின்கலம், சங்கத்தின் பெயரில் நான்கு பொதுக் கணினி. பிரதேச செயலகமும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லை.

புலம்பெயர் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு மடிகணினி அன்பளிப்புச் செய்ய நினைத்திருந்தால், அதோடு உங்கள் கடையின் ஒரு மாதக் கணக்கையும் அனுப்பிப் பாருங்கள். வேலை சரியில்லை என்றால் சொல்லுங்கள், திருத்தித் தருவோம். சரியென்றால், ஒப்புக்கொண்ட கட்டணத்தை ஒப்புக்கொண்ட திகதியில் வங்கியில் போடுங்கள்.